ஸ்கேன் எல்லாம் எனக்கு, அவருக்கு ஒரு சீட்டு மட்டும்: குழந்தையின்மைப் பரிசோதனையை யாரிடமிருந்து தொடங்குவது?

மேலூர் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கல்யாணமாகி மூன்றாவது ஆண்டு நடக்கிறது. எனக்கு வயது 27, அவருக்கு 33. மதுரையில் மாட்டுத்தாவணிப் பக்கம் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருக்கிறார். சாயங்காலம் கல்லுக்கு முன்னால் நின்றால் நள்ளிரவு தாண்டித்தான் நகர்வார். நானோ விடியற்காலையில் எழுந்து வேலைக்கு ஓட வேண்டும்.

"விசேஷம் ஏதும் உண்டா?" என்று தலை ஆடிக்கே கேட்கத் தொடங்கினார்கள். இப்போது கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அது இன்னும் மோசம். நாத்தனாரின் வளைகாப்புக்கு அம்மன் சன்னதித் தெருவில் கண்ணாடி வளையல்களை டஜன் டஜனாகப் பொறுக்கி வாங்கியவள் நான். வளையல் அடுக்குகிற நேரம் வந்ததும், "நீ உள்ளே போய்ப் புளியோதரையைக் கிளறு" என்று அனுப்பிவிட்டார்கள்.

மருத்துவரிடம் போனோம். தைராய்டு, புரோலாக்டின், ஏ.எம்.எச். (சினைப்பையில் முட்டை இருப்பைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை), உள்வழி ஸ்கேன், கடைசியாகக் கருக்குழாய்ப் படம். அந்தப் படம் எடுத்தபோது பட்ட வலியைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறதாம். ஏ.எம்.எச். மட்டும் 1.8, வயதுக்குக் கொஞ்சம் குறைவு என்றார்கள். அன்றைக்கே அவருக்கும் விந்தணுப் பரிசோதனை எழுதித் தந்தார்கள். அந்தச் சீட்டு பீரோவில் சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. "எங்கள் வகையறாவில் ஆம்பிளைகளுக்கு அந்தக் குறை கிடையாது, என் மாமனாருக்குப் பிள்ளைகள் ஏழு" என்கிறார் அத்தை. வீட்டுக்காரர் வாயே திறப்பதில்லை.

இப்போது எனக்கு லேப்ராஸ்கோப்பி செய்து பார்க்கலாம் என்கிறார்கள். அவருக்கு ஒரு பரிசோதனையும் செய்யாமல் நான் இதற்குச் சம்மதிக்கலாமா? ஏ.எம்.எச். 1.8 என்றால் பயப்பட வேண்டுமா?

---

ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

சம்மதிக்காதே மகளே. வயிற்றில் துளை போட்டுப் பார்ப்பது மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற காரியம். அவருடைய பரிசோதனைக்கு ஒரு டப்பாவும் கொஞ்ச நேரத் தனிமையும் போதும், செலவு சில நூறு ரூபாய். இதை விட்டுவிட்டு அதற்குப் போவது எந்தக் கணக்கிலும் சேராது. உனக்குக் கடுமையான மாதவிடாய் வலியோ, ஸ்கேனில் கட்டியோ இருந்திருந்தால் வேறு பேச்சு.

பேறுகாலப் பிரிவிலும் மகளிர் புறநோயாளர் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே தெரியும். மாமியார் இருப்பார், அம்மா இருப்பார், சில வேளை அப்பத்தாகூட வந்திருப்பார். சம்பந்தப்பட்ட ஆள் வெளியே டீக்கடையில் நிற்பார்.

முறை இதுதான். ஓராண்டு கருத்தடை எதுவும் இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால்தான் குழந்தையின்மை என்று சொல்லிப் பரிசோதனை தொடங்குவார்கள். பெண்ணுக்கு 35 தாண்டிவிட்டால் ஆறு மாதமே போதும். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள், காசநோய் வந்தவர்கள், வயிற்றில் பெரிய அறுவைசிகிச்சை நடந்தவர்கள், சிறுவயதில் விதைப்பைக்குள் விதை இறங்காமல் இருந்த ஆண்கள் ஆகியோர் ஓராண்டு காத்திருக்கவே வேண்டாம். தொடங்கும்போது இருவருக்கும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். பிள்ளை தங்காத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. சிலரிடம் அது மட்டுமே காரணம். உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன கணக்குப்படி, வாழ்நாளில் ஆறு பேரில் ஒருவர் இந்தச் சிக்கலைச் சந்திக்கிறார். உன் அத்தை சொல்கிற வகையறாவும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

உன் மாமனாரின் அப்பாவுக்கு ஏழு பிள்ளைகள் பிறந்ததற்கும் உன் கணவரின் விந்தணுவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

---

லேப்காரன் எழுதியது:

சிஸ்டர் அம்மா சொன்னதற்கு மேல் நான் சேர்க்கப் போவது என் தொழிலைப் பற்றி மட்டும். சிம்மக்கல் பக்கம் ஒரு பரிசோதனைக் கூடத்தில் விந்தணு எண்ணுவது என் வேலை.

முதலில் ஏ.எம்.எச். பானையில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று அது சொல்லும், சோறு எப்படி வேகும் என்று சொல்லாது. சினைப்பையில் முட்டை இருப்பு எவ்வளவு என்பதற்கு அது ஒரு மதிப்பீடு. ஊசி போட்டு முட்டைகளை வளர்க்கும்போது எத்தனை கிடைக்கும் என்று கணிக்க மருத்துவருக்கு உதவும். மாதாமாதம் முட்டை ஒழுங்காக வெளிவருகிற 27 வயதுப் பெண்ணுக்கு இயற்கையாகக் கரு தங்குமா, தங்காதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. முட்டையின் தரத்தைப் பெருமளவு முடிவு செய்வது வயது, அது உங்கள் பக்கம் இருக்கிறது. 1.8ஐ வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி அந்தச் சீட்டு. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். அதிக நாள் சேர்த்து வைத்தால் எண்ணிக்கை கூடும் என்று பலர் ஒரு மாதம் விரதம் இருந்து வருகிறார்கள். அளவு கூடலாம், ஆனால் பழைய அணுக்கள் சேர்ந்து நகர்வு குறைந்துபோகும். ஐயப்பனுக்கு மாலை போட்டு, மலைக்குப் போய் வந்த மறுநாளே வருகிறவர்கள் ஒவ்வொரு தை மாதமும் உண்டு. வீட்டில் சேர்ந்திருந்துவிட்டு, அதன் பிறகு இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு வரச் சொல்லி அவர்களை அனுப்பிவிடுவேன்.

வாய் அகன்ற, சுத்தமான டப்பா நாங்களே தருவோம். ஆணுறையில் பிடித்து வரக் கூடாது, அதில் உள்ள பூச்சு அணுக்களைக் கொன்றுவிடும். சோப்பு, எண்ணெய், எச்சில் எதுவும் கூடாது. முதல் துளிகளில்தான் அணுக்கள் மிகுதி. அது வெளியே சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் முடிவே தப்பாக வரும். வீட்டிலிருந்து கொண்டு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் கையில் இருக்க வேண்டும். சட்டைப் பையில், உடம்புச் சூட்டோடு ஒட்டி வருவது நல்லது. ஒருவர் சித்திரை வெயிலில் பைக் டாங்க் கவரில் டப்பாவைப் போட்டு, திருமங்கலத்திலிருந்து வந்து, நடுவில் இளநீரும் குடித்துவிட்டு நீட்டினார். கண்ணாடித் தகட்டில் ஒன்றுகூட அசையவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த முறை இங்கேயே வந்து கொடுத்தார், சரியாக இருந்தது.

முடிவைப் படிப்பதற்கு: உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி கீழ் எல்லைகள் இவை. அளவு 1.4 மில்லி. ஒரு மில்லியில் 1.6 கோடி அணுக்கள். மொத்தம் 3.9 கோடி. மொத்தத்தில் அசைகிறவை 42 சதவீதம், முன்னோக்கி நீந்துபவை மொத்தத்தில் 30 சதவீதம். சரியான வடிவம் 4 சதவீதம். கடைசி எண்ணைப் பார்த்து, "96 சதவீதம் கோளாறா?" என்று அலறாதவர் இல்லை. பிள்ளை பெற்றவர்களிடமிருந்தே எடுத்த அளவு அது. இந்த எல்லைக்குக் கீழே இருந்தால் பிள்ளை பிறக்காது என்பதில்லை, மேலே இருந்தால் பிறந்தே தீரும் என்பதும் இல்லை. ஒரு முறை குறைவாக வந்தால் சில வாரம் விட்டு மறுபடி பார்த்த பிறகே எந்த மருந்தும்.

---

கீழமாசி எழுதியது:

எல்லாம் சரி. மருத்துவமனைக்குள் கால் வைத்தால் லட்சங்கள் இல்லாமல் வெளியே வர முடியாது என்பதையும் யாராவது எழுதுங்கள். எங்கள் தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. அமுக்கரா, பூனைக்காலி விதை, முருங்கைப் பூவைப் பாலில் காய்ச்சிக் கொடுத்தே எங்கள் சித்தப்பாவுக்கு நாலாவது வருடம் பையன் பிறந்தான். சித்தி பழமுதிர்சோலைக்குச் சஷ்டி விரதம் இருந்தார். "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

---

ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

கீழமாசித் தம்பிக்கு: முருங்கைப் பூவுக்கு நான் எதிரியில்லை, நானும் பொரியல் செய்கிறேன். ஆனால் ஒரு கணக்கைப் பார். சேர்ந்து வாழ்கிற நூறு தம்பதியரில் எண்பது பேருக்கு மேல் முதல் ஆண்டிலேயே கரு தங்கிவிடும். மிச்சமிருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாவது ஆண்டில் எந்த மருந்தும் இல்லாமலே தங்கும். அதற்குப் பிறகும் சிலருக்கு உண்டு. அந்த நேரத்தில் யார் கையில் லேகியம் இருந்ததோ, அவருக்கே பெயர் போகிறது. கோயிலானாலும் சரி, பெரிய மருத்துவமனையானாலும் சரி, அதே கதைதான்.

திருப்பரங்குன்றத்துக்கும் போங்கள், ஆய்வுக்கூடத்துக்கும் போங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலத்தில் வருகிற பஸ்பங்களை மட்டும் விழுங்காதீர்கள். ஈயமும் பாதரசமும் அளவுக்கு மீறிக் கலந்திருந்தால் விதையையே கெடுக்கும். பதிவுபெற்ற சித்த மருத்துவரிடம் போனாலும் பரிசோதனை முடிவைக் கையில் கொண்டு போங்கள். அடைத்துக்கொண்ட குழாயை எந்தக் கஷாயமும் திறக்காது.

---

தல்லாகுளம் தம்பி எழுதியது:

கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நான் போகிற உடற்பயிற்சிக் கூடத்தில் தசை ஏறுவதற்கு எனக்கும் ஊசி போடுகிறார்கள். "ஆண்மைக்கும் நல்லது" என்கிறார் பயிற்சியாளர். ஹார்மோன் தானே, கெடுதல் என்ன வந்துவிடும்?

---

லேப்காரன் எழுதியது:

இன்றைக்கே நிறுத்துங்கள் தம்பி. ஆனால் நிறுத்தியதை ஒரு மருத்துவரிடம் சொல்லி, அவர் பார்வையில் இருங்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஏறினால், 'நிறைய இருக்கிறது' என்று நினைத்து மூளை விதைக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடும். விதைக்குள் அணு உற்பத்தி படுத்துவிடும். விதையே சுருங்கவும் செய்யும். புஜம் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், தகட்டில் பூச்சியம். ஆறு மாதம், ஓராண்டு, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும் திரும்பி வர. எல்லோருக்கும் முழுதாகத் திரும்புவதும் இல்லை.

'எனக்கு ஆண்மைக்குறைவு' என்று சொல்லிக்கொண்டு சில மருந்துக் கடைகளில் இதே ஊசியைத் தானாக வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. பிள்ளை வேண்டுமென்று போட்டுக்கொள்ளும் ஊசியே பிள்ளைக்குத் தடையாகிவிடுகிறது. நான் பார்க்கிற 'பூச்சியம்' முடிவுகளில் எனக்கு மிகவும் எரிச்சல் வருவது இவற்றைப் பார்த்துத்தான்.

---

அவனியாபுரத்தான் எழுதியது:

மேலூர்த் தங்கைக்காக ஆண் பக்கத்திலிருந்து ஒருவன் எழுதட்டும் என்று எழுதுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். படுக்கையில் அவரிடம் ஒரு குறையும் இருந்திருக்காது. அதனால் பிள்ளை விஷயத்திலும் குறை இருக்க முடியாது என்று நினைப்பார். இரண்டும் வெவ்வேறு. எனக்கு உடலுறவில் எந்தச் சிக்கலும் இல்லை. அளவும் சரி, பார்வைக்கும் சரி. அணு ஒன்றுகூட இல்லை. அசூஸ்பெர்மியா என்கிறார்கள். நூறு ஆண்களில் ஒருவருக்கு இருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது, சித்திரைத் திருவிழாவில் ஆற்றுக்குள் நிற்கிற கூட்டத்தை நினைத்துக்கொண்டேன். அதில் எத்தனை நூறு பேர்!

இதில் இரண்டு வகை. உற்பத்தி இருந்து வழி அடைத்திருப்பது ஒன்று. குடும்பக்கட்டுப்பாடு செய்துகொண்டவர்கள், தொற்று வந்தவர்கள், பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாதவர்கள் இதில் வருவார்கள். ஊசி வழியாக விதையிலிருந்தே அணுவை எடுத்துவிடலாம். மற்றொன்றில் உற்பத்தியே இருக்காது, அல்லது எங்கோ ஒரு மூலையில் மட்டும் இருக்கும். ரத்தத்தில் எஃப்.எஸ்.எச். (விதையை வேலை செய்யச் சொல்லி மூளையிலிருந்து வரும் ஹார்மோன்) அளவு, விதையின் பருமன், குரோமோசோம் பரிசோதனை ஆகியவற்றை வைத்துப் பிரிப்பார்கள். நான் இரண்டாவது வகை. நுண்ணோக்கி வைத்து விதைக்குள் தேடும் அறுவைசிகிச்சையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அணு கிடைக்கிறது. ஓர் அணு கிடைத்தாலும் அதை முட்டைக்குள் நேராகச் செலுத்தும் இக்சி முறை 1992இலேயே வந்துவிட்டது. எனக்குத் தேடினார்கள். கிடைக்கவில்லை.

இதையெல்லாம் விட நான் சொல்ல வந்தது வேறு. என் பெயரில் அந்த முடிவு வருவதற்கு முன்பு, "இவளை விட்டுவிட்டு வேறு ஒருத்தியைப் பார்க்கலாம்" என்று என் பெரியப்பா சாப்பாட்டு இலைக்கு முன்னாலேயே பேச்செடுத்தார். என் மனைவி சாம்பார் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். முடிவு வந்த பிறகு அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அவளுக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைக்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை பாருங்கள்.

கொடையாளர் அணு வேண்டாமென்று இருவரும் முடிவு செய்தோம். தத்தெடுக்கப் பதிவு செய்து காத்திருக்கிறோம். மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில்தான் பதிவு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85ஐத் தாண்டக் கூடாது. வரிசை நீளம், ஆண்டுக்கணக்கில் ஆகும். 'தெரிந்த நர்ஸ் ஒருவர் இருக்கிறார்' என்று யாராவது வந்தால் அந்தப் பக்கம் திரும்பாதீர்கள், அது குழந்தை விற்பனை வழக்கில் கொண்டுபோய் விடும்.

---

மேலூர் மருமகள் எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவை அவரிடம் படித்துக் காட்டினேன். போனை வாங்கி அவரே இரண்டாவது முறை படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. "அடுப்புச் சூட்டில் நிற்பதால் கெடுமா என்று கேள்" என்றார். அவ்வளவுதான்.

---

லேப்காரன் எழுதியது:

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதற்குக் காரணமே சூடுதான். உடல் வெப்பத்தைவிட இரண்டு முதல் நாலு டிகிரி குறைவாக இருந்தால்தான் அணு உற்பத்தி ஒழுங்காக நடக்கும். பரோட்டா கல், பேக்கரி அடுப்பு, பட்டறை உலை ஆகியவற்றின் முன்னால் நாள் முழுக்க நிற்பவர்களுக்கும், இன்ஜின் சூட்டில் உட்கார்ந்து லாரி ஓட்டுபவர்களுக்கும் எண்ணிக்கையும் நகர்வும் குறையலாம். எல்லோருக்கும் குறையும் என்று சொல்ல முடியாது. இறுக்கமான ஜீன்ஸை விட்டு லுங்கியோ தளர்வான பருத்தி உடையோ போடலாம். இடையிடையே காற்றாட நகரலாம். மடிக்கணினியை மடியில் வைப்பவர்களுக்கும் இதே பேச்சுதான்.

வேரிகோசீல் இருக்கிறதா என்றும் மருத்துவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். விதைப்பைக்குள் ரத்த நாளம் புடைத்துச் சுருண்டிருக்கும், பெரும்பாலும் இடப்பக்கம். பொதுவாக ஆண்களில் 15 சதவீதம் பேருக்கு இருக்கிறது, பிள்ளையில்லாத ஆண்களில் 35 சதவீதத்துக்கு மேல். கைக்குத் தட்டுப்படுகிற அளவு இருந்து, அணு முடிவும் குறைவாக இருந்தால் சிறு அறுவைசிகிச்சையில் சரிசெய்யலாம். நீண்ட நேரம் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு அந்த இடத்தில் இழுத்துப் பிடிப்பது போன்ற வலி இருக்கும், வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள். கேட்டுப் பாருங்கள்.

புகையிலை போடுகிறாரா? அதையும் கேளுங்கள்.

---

உசிலை அக்கா எழுதியது:

ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். பெண் பக்கமும் கொஞ்சம் எழுதுகிறேன், இங்கே படிக்கிற பிள்ளைகளுக்குப் பயன்படும்.

எனக்கு நீர்க்கட்டி. வயதுக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை, நாலு மாதத்துக்கு ஒரு முறைதான் வீட்டுக்கு விலக்கு. "வேலை மிச்சம்" என்று அப்பத்தா சிரிப்பார். மோவாயில் முடி, கழுத்தில் கறுப்பு. கழுத்தைத் தேங்காய் நார் வைத்துத் தேய்த்தார்கள். அது அழுக்கு இல்லை, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஸ்கேனில் மணிமணியாகத் தெரிவதெல்லாம் பாதியில் வளர்ச்சி நின்ற முட்டைப் பைகள். வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை. முட்டை முதிர்ந்து வெளியே வராததுதான் சிக்கல். உலக அளவில் பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் 8 முதல் 13 சதவீதம் பேருக்கு இருக்கிறது, பெரும்பாலோருக்குத் தெரியாமலே. எடை கூடியவர்கள் ஐந்து முதல் பத்து சதவீதம் குறைத்தாலே பலருக்கு முட்டை வெளிவரத் தொடங்கிவிடும். நான் காலையில் கண்மாய்க் கரையில் நடந்தேன், இரவுச் சோற்றைக் குறைத்தேன். பிறகு மாதவிடாயின் தொடக்கத்தில் ஐந்து நாள் லெட்ரோசோல் மாத்திரை கொடுத்து, ஸ்கேனில் முட்டை வளர்வதைப் பார்த்தார்கள். இன்றைக்கு நீர்க்கட்டிக்காரர்களுக்கு முதலில் கொடுப்பது அதுதான். என் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. எடுத்த எடுப்பில் எங்களிடம் டெஸ்ட் டியூப் பேபி பற்றிப் பேசிய இடமும் உண்டு. பேர் வேண்டாம்.

நாள் கணக்கு தெரியாதவர்களுக்கு: அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால் முட்டை வெளியே வரும். அது உயிரோடு இருப்பது ஒரு நாள்கூட முழுதாக இல்லை. ஆண் அணு உள்ளே ஐந்து நாள்வரை காத்திருக்கும். ஆகவே முட்டை வரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும்தான் காரியம் ஆகும். 28 நாள் சுற்று என்றால் 14ஆம் நாள், 35 நாள் சுற்று என்றால் 21ஆம் நாள். எல்லோருக்கும் 14 என்று பாடம் படித்துவிட்டு ஏமாறுகிறார்கள். இரண்டு நாளைக்கு ஒரு முறை சேர்ந்திருந்தால் கணக்கே தேவையில்லை.

மேலூர்த் தங்கச்சி, நள்ளிரவு தாண்டி வருகிறவர், விடியற்காலையில் எழுந்து வேலைக்கு ஓடுகிற நீ. உங்கள் வீட்டில் அந்த ஆறு நாளில் எத்தனை இரவு சேர்ந்து கழிகிறது என்பதையும் யோசித்துப் பார். இங்கே பதில் எழுத வேண்டாம்.

---

ஓய்வுபெற்ற சிஸ்டர் எழுதியது:

உசிலை அக்கா விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோய் ஒரு பெரிய காரணம். நுரையீரல் காசநோய் போல இருமல் இருக்காது. சளி இருக்காது. குழாயிலும் கருப்பையின் உள்சுவரிலும் சத்தமில்லாமல் தங்கியிருக்கும். மாதவிடாய் வரவரக் குறைந்துபோவதுதான் சிலருக்கு ஒரே அறிகுறி. நெசவுத் தெருக்களிலும் பீடி சுற்றுகிற வீடுகளிலும் குடும்பத்தில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். நோயை மருந்து குணமாக்கிவிடும். வடுப்பட்ட குழாய் பழையபடி திறப்பது அரிது. இரண்டு குழாயும் போனவர்களுக்குத்தான் ஐ.வி.எஃப்., அதாவது டெஸ்ட் டியூப் பேபி முறை, முதன்முதலில் உருவானது. 1978 ஜூலையில் இங்கிலாந்தில் முதல் குழந்தை, அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜியின் கையால் இந்தியாவின் முதல் குழந்தை. அந்த மனிதரை வாழும்போது யாரும் நம்பவில்லை, அது தனிக்கதை. குழாயில் நீர் கோத்திருந்தால் ஐ.வி.எஃப்.புக்கு முன் அந்தக் குழாயை எடுத்துவிடுவது நல்லது, அந்த நீர் கருவைத் தங்கவிடாது.

இன்னொன்று மகளே: கருக்குழாய்ப் படம் எடுத்த அடுத்த சில மாதங்களில் சிலருக்குத் தானாகவே கரு தங்குவதுண்டு. அந்த மாதங்களைச் சண்டையில் கழிக்காதே.

---

கீழமாசி எழுதியது:

ஐ.வி.எஃப்.புக்கு எவ்வளவு ஆகும் என்று யாரும் சொல்லவில்லையே? கோரிப்பாளையம் பக்கம் ஒரு தரகர், "பணம் கொடுத்தால் நல்ல பெண்ணின் முட்டை, ஆண் குழந்தை உறுதி" என்று என் நண்பனிடம் பேசியிருக்கிறார்.

---

நீதிமன்ற வாசல் எழுதியது:

ஒரே வாக்கியத்தில் பல குற்றங்கள். செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2021இல் நிறைவேறி, 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. முட்டையை விலைக்கு விற்க முடியாது. கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, அவருக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும். தரகருக்கு இதில் இடமே இல்லை, முட்டை, விந்தணு சேமிக்கும் பதிவுபெற்ற வங்கி வழியாகத்தான். ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுப்பது அந்தச் சட்டத்திலும் குற்றம், 1994ஆம் ஆண்டு பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்திலும் குற்றம். சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 என்று வயது வரம்பும் உண்டு. மையத்தின் பதிவுச் சான்றிதழை வாசலிலேயே கேட்டுப் பாருங்கள். 'உறுதி' என்ற சொல்லை யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவு, ஒரு சுற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு லட்சம், மருந்தைப் பொறுத்து அதற்கு மேலும். முதல் சுற்றிலேயே எல்லோருக்கும் பலிக்காது. நகையை விற்பதற்கு முன், ஒரு சுற்றுக்கு என்னென்ன அடக்கம், கருவை உறைய வைக்கத் தனிக் கட்டணமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சென்னை எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனையில் அரசின் கருத்தரிப்பு மையம் இருக்கிறது, வசதி குறைந்தவர்கள் அங்கே விசாரிக்கலாம்.

---

மேலூர் மருமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. லேப்ராஸ்கோப்பி இப்போதைக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அவர் போகச் சம்மதித்துவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. மதுரையில் எங்கு போனாலும் அவர் பரோட்டா சாப்பிட்ட ஆள் ஒருவராவது உட்கார்ந்திருப்பாராம். திண்டுக்கல்லில் போய்க் கொடுக்கிறேன் என்கிறார். பரவாயில்லையா? போன மாதம் அவருக்கு டெங்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் படுத்திருந்தார், அது பாதிக்குமா?

---

லேப்காரன் எழுதியது:

திண்டுக்கல் தாராளமாகப் போகட்டும். கரூருக்குப் போனாலும் சரி. வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல முடியாது, ஒரு மணி நேரத்தில் சேராது. அங்கேயே கொடுக்க வேண்டும், தனி அறை இருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறையைக் காட்டினால் வேறு இடம் பாருங்கள்.

காய்ச்சல் பாதிக்கும். ஓர் அணு உருவாகி முதிர்ந்து வெளியே வர இரண்டரை முதல் மூன்று மாதம் ஆகிறது. போன மாதச் சூட்டின் பாதிப்பு இப்போது கொடுக்கிற மாதிரியில் தெரியும். இப்போதே கொடுத்து எண்ணிக்கை நன்றாக இருந்தால் கவலை விட்டது. குறைவாக இருந்தால் அதை வைத்து மருந்து தொடங்க விடாதீர்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி. காய்ச்சல் வந்த விவரத்தைச் சீட்டிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

டப்பாவில் அவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். மனைவி பெயரை எழுதிவிட்டுப் போகிறவர்கள் இங்கே நிறையப் பேர். முடிவை வாங்கும்போது அளவு, எண்ணிக்கை, நகர்வு, வடிவம் நான்கும் தனித்தனியாக எண்ணோடு இருக்கிறதா, எத்தனை நாள் இடைவெளி, மாதிரி கொடுத்த நேரம், பார்த்த நேரம் எல்லாம் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். 'நார்மல்' என்று ஒரே சொல்லில் எழுதித் தந்தால் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.